மூன்றாவது முறை கூப்பிடாதவள்

கண்ணு,

கடிதாசி என்றால் இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அந்த வழியில்லை. நீ சாப்பிட்ட தட்டை இப்போதுதான் கழுவிக் கவிழ்த்தேன். நீ முன்கட்டில் இருக்கிறாய், நான் பின்கட்டில் இருக்கிறேன், நடுவில் ஒரு மண்சுவர். எட்டி இரண்டு வார்த்தை பேசினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு இந்தக் கிழவி ஏன் காகிதத்தைக் கெடுக்கிறாள் என்று நினைப்பாய். பேசிப் பார்த்துவிட்டேன். நான் என்ன சொன்னாலும் நீ "உம்" என்கிறாய். நேற்று சோதித்துப் பார்க்கலாம் என்று, "கொரட்டூர் ஏரி தீப்பிடிச்சி எரியுதாம்டா" என்றேன். அதற்கும் "உம், சரிம்மா" என்றாய். அடுப்பங்கரையில் உன் பெண்டாட்டி தனம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்று, அவள் ரொம்ப நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் நான் பார்த்தேன்.

காகிதத்தில் இருந்தால் நீ விடமாட்டாய். வடை மடித்து வந்த காகிதத்தைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிக்கிற பிள்ளை நீ. அந்தப் புத்தி என்னிடமிருந்து வந்ததுதான். எங்கள் காலத்தில் பாரிவாக்கத்தில் பொம்பிளைப் பிள்ளை ஸ்லேட்டைத் தொட்டதில்லை. நான் ஒருத்திதான் பூவிருந்தவல்லி மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வயல் வரப்பில் நடந்துபோய் அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படித்தேன். இந்த வீட்டில் யாருக்கு என்ன கடிதாசி வந்தாலும் இன்றைக்கும் நான்தான் உரக்கப் படிக்கிறேன். அந்தப் பெருமையை நான் மறைக்கமாட்டேன். ஆனால் அந்தப் படிப்பை வைத்து நான் முதன்முதலில் ஊருக்கு என்ன எழுதிக் கொடுத்தேன் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. நீ வெள்ளிக்கிழமை கிளம்புகிறாய். ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போட்டது போதாது என்று, அஸ்ஸாம் பக்கம் எங்கேயோ ஏரோப்பிளான் இறங்குகிற மைதானம் போட உன்னைக் கூட்டிப்போகிறான் காண்ட்ராக்டர். சண்டை முடிகிறவரை வரமாட்டாய் என்கிறார்கள். சண்டை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் இப்போது எழுதிவிடுகிறேன்.

மத்தியான நேரத்தில் நான் தனியாகப் பேசுகிறேன் என்று இந்த வீட்டில் ஒரு பேச்சு உண்டு. "யாராண்ட பேசினுகீறீங்க அத்தே, உள்ள ஆள் இல்லியே" என்று தனம் கேட்பாள். "மேல போன உங்க மாமனாராண்டதான், உன்னப் பத்திக் கோள் சொல்லிகினுகீறேன்" என்று நான் அவள் வாயை மூடுவேன். அது பொய். எனக்கு ஒரு சத்தம் கேட்கும் கண்ணு. நல்ல வெயில் நேரத்தில், காற்று நின்று கோழிகூடக் கிளறாத வேளையில், ஒரு குழந்தை உள்ளங்கைக்கு அடியிலிருந்து பேசினால் எப்படிக் கேட்கும், அப்படி. வார்த்தை இருக்காது. வார்த்தை வெளியே வராதபடி யாரோ வாயைப் பொத்தியிருக்கிற மாதிரி ஒரு முனகல். அதற்குத்தான் நான் பதில் சொல்லுகிறேன். "வந்துட்டேன் அலமேலு, இங்கதான் கீறேன்" என்று சொல்லுகிறேன். சொன்னால் நின்றுவிடும்.

அலமேலு என் தங்கை. உன் சித்தி. காய்ச்சலில் போய்விட்டாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் இல்லை.

வாந்திபேதி வருகிற வருஷங்களில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பயம் உண்டு. நோயைக் கொண்டுவருகிறவள் உச்சிவேளையிலும் விளக்கு வைக்கிற வேளையிலும் தெருவில் நடப்பாள், நமக்கு வேண்டியவர்களின் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், ஏன் என்று கேட்டவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்பார்கள். அவளால் இரண்டு முறைதான் கூப்பிட முடியும். மூன்றாவது முறை கூப்பிட மனுஷருக்கு மட்டும்தான் நா எழும். அதனால் யார் கூப்பிட்டாலும், பெற்ற தாயே கூப்பிட்டாலும், மூன்றாவது முறை வரைக்கும் மூச்சுக் காட்டக்கூடாது. இது போக, கதவில் சுண்ணாம்பால் "நாளை வா" என்று எழுதிவைப்பார்கள். அவள் வந்து படித்துவிட்டுத் திரும்பிப்போவாள், மறுநாள் வந்தாலும் அதே எழுத்துத்தான் இருக்கும், மறுபடியும் போவாள். எழுதத் தெரிந்தவர் தெருவில் வேறு யார்? அப்போது எனக்குப் பாவாடை கட்டுகிற வயசு. ஒரு கையில் சுண்ணாம்புச் சட்டி, ஒரு கையில் தென்னை மட்டைத் துண்டு. வீடு வீடாக என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய மனுஷர்கள் கை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்கள். ஒரு கிழவர், "பாப்பா, எங்க ஊட்டுக்குக் கொஞ்சம் பெருசா எழுது, எங்க ஊட்டுக்காரிக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றார். "தாத்தா, படிக்கப்போறது உங்க ஊட்டுக்காரி இல்ல" என்றேன். தெருவே சிரித்தது. எங்கள் வீட்டுக் கதவில் மட்டும் நல்ல அழகாக எழுதினேன். 'ளை'க்கு மேலே யானைத் தும்பிக்கை மாதிரி வளைத்து இழுத்தேன். அலமேலு அப்போது தவழுகிற குழந்தை.

அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆகி, கொரட்டூருக்கு வந்து, நீ பிறந்தாய். நீ தலை நிற்கிற மாசத்தில் இங்கே வாந்திபேதி வந்தது. உன் தாத்தா படுத்துவிட்டார். உங்க நைனா அவரை விட்டு நகர முடியாது. "புள்ளய எடுத்துகினு உங்கம்மா ஊட்டுக்குப் போய்டு, நான் ஆள் அனுப்புற வரைக்கும் வராதே" என்று திருவேற்காடு வரை போகிற ஒரு வைக்கோல் வண்டியில் என்னை ஏற்றிவிட்டார். அங்கிருந்து கூவத்து மணலைக் கடந்து, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். மணல் காலைச் சுட்டது. நீ அழுது அழுது குரல் கட்டிப்போய் தூங்கிவிட்டாய். எங்கள் ஊரில் நுழைந்தபோதுதான் தெரிந்தது, அங்கேயும் வந்துவிட்டது என்று. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, எல்லாக் கதவிலும் வேப்பிலை, எல்லாக் கதவிலும் என் கையெழுத்து. பழைய எழுத்தின் மேலேயே புதுச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. என் நிழல் என் காலுக்கு அடியிலேயே சுருண்டு கிடந்தது.

எங்கப்பா போய்ச் சேர்ந்த பிற்பாடு அந்த வீட்டில் அம்மாவும் அலமேலுவும் மட்டும்தான். நான் கதவுக்கு எதிரே நின்று "அம்மா" என்றேன். உள்ளே ஏதோ பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டது. ஆள் இருக்கிறது. "அம்மா, நான்தாம்மா" என்றேன். ஒன்றும் இல்லை. ஆனால் கதவுக்கு ரொம்பக் கிட்டே, அந்தப் பக்கம், யாரோ மூச்சுவிடுகிறார்கள் என்று தெரிந்தது. கூடவே அந்த முனகல். அலமேலுதான். என் குரலை அவள் கண்டுகொண்டாள், "அக்கா" என்று கூப்பிடப் பார்க்கிறாள், அம்மா பொத்தியிருக்கிறாள். அவ்வளவும் எனக்கு அங்கேயே புரிந்தது கண்ணு. சட்டம் எனக்குத் தெரியாததா? இன்னும் ஒரு முறை கூப்பிட்டால் கதவு திறக்கும். அந்த ஒரு முறை எனக்கு வரவில்லை. கோபம். பெற்றவளுக்குப் பெண்ணின் குரல் தெரியாதா, வெயிலில் கைப்பிள்ளையோடு வந்து நிற்கிறேன், நானா பேய் என்று கோபம். எதிரே கதவில் நான் எழுதிய எழுத்தே என்னைப் போகச் சொன்னது. சரி போகிறேன் என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். நசரத்பேட்டையில் உன் அத்தை வீடு இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தேன். சேர்ந்துவிட்டேன் என்று அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. அவள் தேடி வரட்டும் என்று இருந்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் அலமேலு போய்விட்டாள். எனக்கு அது தெரிந்தது நோய் அடங்கி, உன்னைத் தூக்கிக்கொண்டு மறுபடி பாரிவாக்கம் போனபோதுதான். கதவு திறந்திருந்தது. அம்மா உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பின்னாலேயே நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள்.

"நீ செத்துட்டேன்னு நெனச்சேன்டி" என்றாள். "அன்னிக்கி உன் கொரல்ல வந்துச்சே, நீ செத்துட்டதாலதான் உன் கொரல எடுத்துகினு வந்துச்சின்னு நெனச்சேன்."

"நான்தாம்மா வந்தேன்."

அவள் உன் காலைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அப்புறம் என் கையைத் தொட்டாள்.

"நெசமா நீயா? வெளியே நின்னது நீயா?" என்றாள். "மூணாவது வாட்டி கூப்புடுவேன்னு தாப்பா மேல கைய வச்சிகினே நின்னேன்டி. அது அக்காதாம்மா, பாப்பாவ எடுத்துகினு வந்துகீதும்மான்னு முனகிகினே அலமேலு என் கையக் கடிச்சா. ஏன்டி நீ கூப்புடல?"

கையைக் காட்டினாள். சின்னப் பல் பதிந்த தழும்பு கட்டைவிரலுக்குக் கீழே ஆறிக்கொண்டிருந்தது. பொத்திய கைக்குள்ளேயே அலமேலு என்னைக் கூப்பிட்டுவிட்டாள், கூப்பிட்டதால்தான் நோய் அவளைப் பிடித்தது என்று அதுவரைக்கும் அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். நான் உயிரோடு வந்து நின்றதில் அந்த நம்பிக்கையும் போய்விட்டது. வெளியே நின்றது அக்காதான் என்றால், அந்தக் குழந்தையின் வாயை எதற்குப் பொத்தினேன் என்று ஆகிவிட்டது அவளுக்கு. அலமேலு உன்னைப் பார்த்ததே இல்லை. பாப்பா எப்ப வரும், பாப்பா எப்ப வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். நீ அன்றைக்கு அவளுக்கு ஒரு கதவுப் பலகை தூரத்தில் என் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

உனக்கு உன் ஆயாவை, எங்கம்மாவை, கொஞ்சம் ஞாபகம் இருக்கும். உப்பு ஆயா என்று பிள்ளைகள் கேலி செய்வீர்களே. ஏன் உப்பு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அதற்குப் பிற்பாடு அவள் யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே ஓடுவாள். தெருவில் உப்புக்காரன் கூவினால், "வந்துட்டேன் வந்துட்டேன், போயிடாதேப்பா" என்று கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவாள். வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு படி வாங்குவாள். வீட்டில் பானை பானையாக உப்பு. "ஆயா, ஊறுகாக் கடை வக்கப் போறியா?" என்று அவனே சிரிப்பான். காக்கை கத்தினாலும் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். இராப்பகல் அந்த வீட்டுக் கதவு சாத்தியதில்லை. மழை உள்ளே அடிக்கும். நான் ஈரத்துணி வைத்துத் துடைப்பேனே தவிர, சாத்தச் சொல்ல எனக்கு வாயில்லை.

உங்க நைனா வேறு மாதிரி. பயத்தினால் அவர் எதற்கும் ஓடியதில்லை. பொதுவாகவே நிதானமான மனுஷன். அவர் மாடு பூட்டுகிறபோது பேசினால் காதில் விழாது. ஆனால் நீ கூப்பிட்டால் மட்டும் நிமிர்வார். ஒரு நாள் நீ ஓடிவந்து, ஏரியில் முதலை கீது நைனா, இவ்ளோ நீளம் என்று கையை விரித்தாய். கொரட்டூர் ஏரியில் முதலை ஏது? பச்சைப் பொய். அவர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு, "எங்க, காட்டு வா" என்று கிளம்பினார். பொழுது சாய்கிறவரை இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் நின்றீர்கள். திரும்பி வந்தபோது, "இன்னாங்க, கீதா முதலை?" என்று கேட்டேன். "இன்னிக்கி அக்கரைக்குப் போயிருக்கும்போல" என்றார். நீ அவர் தோளில் தூங்கிப்போயிருந்தாய். சோறு காய்ந்துபோயிருந்தது. அதை அப்படியே பிசைந்து சாப்பிட்டார். அந்த மனுஷன் உனக்குச் சொத்து ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை என்று நீ ஒரு தரம் சொன்னாய். 

இப்போது சரசு விஷயத்துக்கு வருகிறேன். உன் பெண்ணுக்கு இந்த வருஷம் முழுக்க நீ ஒரு சைக்கிள் சத்தம். விடியுமுன் போகிற சத்தம், இருட்டினபிறகு வருகிற சத்தம். அதில் உன் குற்றம் இல்லை. அரிசி விற்கிற விலையில் நீ போகாமல் முடியுமா? ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டில் இருக்கிறாய். இருந்தும், கண் கூரையில் இருக்கும், விரல் காற்றில் கொட்டகைக்கு எத்தனை தூண், எத்தனை தகடு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். போன மாசம் வரைக்கும் அவள் உன் முட்டியைப் பிடித்து உலுக்குவாள். நைனா நைனா நைனா என்று ஓயாமல் கூப்பிடுவாள். தொந்தரவு என்று தனம் அதட்டுவாள். போன ஞாயிறு நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாசற்படியில் நின்று "நைனா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நைனா" என்றாள். நீ விரலை மடக்கிக்கொண்டிருந்தாய். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், கழுத்தை வெட்டித் திருப்பிக்கொண்டு போனாள். அந்தத் திருப்பல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

பின்னாலேயே போனேன். பூவரச மரத்தடியில் நின்றிருந்தாள். மரத்தைப் பார்த்து, "நைனா" என்றாள். உடனே குரலைத் தடியாக ஆக்கிக்கொண்டு, அப்படியே உன் குரல்தான் கண்ணு, "இன்னா சரசு, இங்கதான் கீறேன், சொல்லு" என்று அவளே பதில் சொன்னாள். "பல்லு ஆடுது நைனா." "ஐயய்யோ, எங்க, வாயத் தொற, பாக்கலாம்." மரத்துக்கு வாயைத் திறந்து காட்டினாள். ரொம்ப நேரம் திறந்துகொண்டே நின்றாள், யாரோ உள்ளே உற்றுப் பார்ப்பதுபோல. அப்புறம் என்னைப் பார்த்துவிட்டாள். "ஆயா, நைனாவாண்ட சொல்லாதே" என்றாள். எந்த நைனா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. அந்தப் பல் விழுந்து கூரையில் எறிந்தாயிற்று. உனக்குத் தெரியாது.

நீ திரும்பி வருவாய். வருகிறபோது அவள் வளர்ந்திருப்பாள், உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள், மரியாதையாகப் பேசுவாள். நீ எங்கே போனாய் என்றுகூடக் கேட்கமாட்டாள். ஏன் என்றால் அவளுக்குக் கூப்பிட்டால் பேசுகிற நைனா மரத்தடியில் இருக்கிறார், அவர் வருவதற்குச் சைக்கிள் தேவையில்லை. எனக்குப் பயம் அதுதான். ஆவடியில் குண்டு விழும் என்று ஊரெல்லாம் சொல்லுகிறார்கள், அதற்கு எனக்குப் பயமில்லை. கிட்ட இருக்கிறதும் கூட இருக்கிறதும் ஒன்று என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நாங்கள் மூன்று பேர் ஒரு கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூச்சுக் கேட்கிற தூரத்தில் நின்றோம். அதைவிடக் கிட்ட யார் நிற்க முடியும்?

நாள் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிரு என்று நான் சொல்லவில்லை. உனக்கு வேலை இருக்கிறது, எனக்கும் இருந்தது, உங்க நைனாவுக்கும் இருந்தது. கூப்பிடுகிற அந்த ஒரு நேரம் மட்டும் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிமிர். அவள் சொல்லுவது பொய்யாக இருக்கலாம், உப்புக்குப் பெறாததாக இருக்கலாம். முகத்தைப் பார்த்துக் கேள். தனத்துக்கும் அப்படித்தான். அவள் நாலு நாளாக உன் துணிகளை மடித்து மடித்துப் பிரிக்கிறாள், அதில் என்ன மடிப்பு வேண்டியிருக்கிறது என்று நீ ஒரு தரம் கேட்டிருக்கலாம். மிச்சம் இருக்கிற நாள் கொஞ்சம்தான். கொஞ்சம் போதும். அலமேலுவுக்கு நான் ஒரு கூப்பாடு கடன்பட்டேன், ஒரே ஒரு கூப்பாடு. அதைத்தான் மத்தியானம் மத்தியானம் கட்டிக்கொண்டிருக்கிறேன், தீரவில்லை.

இந்தக் கடிதாசியை உன் கையில் கொண்டுவந்து கொடுத்தது சரசு. நீ யார் கொடுத்தது என்று பார்க்காமலேயே வாங்கிப் பிரித்திருப்பாய். நான்தான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், "நைனா படிச்சி முடிக்கிற வரைக்கும் அங்கியே நில்லு, கூப்புடாதே, அவரே உன்னக் கூப்புடுவாரு" என்று. "நெசமாவா ஆயா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உன்னை நம்பிச் சொல்லிவிட்டேன். நீ இவ்வளவையும் படித்த நேரமெல்லாம் அவள் உன் முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள். இப்போது நிமிர்ந்து பார். நின்ற இடத்தில் அவள் இல்லாவிட்டால், உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுக்காதே கண்ணு. எழுந்து போ.